கட்டிலுக்கு அடியில் ஒரு மின்சார நிலையம்

கோயம்புத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? "சிறுவாணித் தண்ணீர்" என்பார் ஒருவர். "பஞ்சாலைச் சங்கு" என்பார் இன்னொருவர். "எங்கள் வீட்டு கிரைண்டரே அந்த ஊர்ச் சரக்குத்தானே!" என்று நீங்கள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பீர்கள். எல்லாம் சரிதான். ஆனால், இப்போது அவிநாசி ரோட்டில் நின்று போக்குவரத்தைக் கவனித்தீர்களானால், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு புது மாதிரி வண்டி போவதைக் காணலாம். ஜன்னலில் திரைச்சீலை, உள்ளே கட்டில், மெத்தை, அடுப்பு, ஐஸ் பெட்டி, குளியலறை. கேரவன் என்று பெயர்.

முன்பெல்லாம் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்று மட்டுமே நமக்குத் தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்புக்கு வரும் கேரவன்களை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் கூடும். இப்போதோ குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வாடகைக்கே கிடைக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2021-ல் அரசாங்கமே இதற்கென்று ஒரு திட்டம் வகுத்தது. பாட்டிக்குப் படுக்க இடம், குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு, எல்லாருக்கும் மேலாக நமக்கு ஒரு சுத்தமான குளியலறை! பிரயாணத்தில் பெண்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதைவிட வேறு சொர்க்கம் வேண்டுமா?

ஆனால், ஒரு கேள்வி. நடுவழியில், தென்னந்தோப்பு ஓரத்தில், அந்த ஏ.சி.யும் ஐஸ் பெட்டியும் ஓட மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் குனிந்து பாருங்கள். வண்டியின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. கதவுக்குப் பின்னால் ஓர் எஞ்சின். எஞ்சினோடு பிணைந்து ஒரு மின்சார யந்திரம். இரண்டும் சேர்ந்ததுதான் ஜெனரேட்டர். பெரும்பாலும் நீங்கள் படுத்துறங்கும் கட்டிலுக்கு நேர் கீழேதான் அது இருக்கும்.

வாருங்கள், கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு, உடுமலை என்று கொங்கு நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். ஊரையும் பார்ப்போம், போகிற வழியில் இந்த எஞ்சின் சாமியின் குணாதிசயங்களையும் தெரிந்துகொள்வோம்.

*எட்ட நின்ற எஞ்சின்*

மின்சாரத்தை ஊர் ஊராகச் சுமந்து திரிவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப் படம் காட்டினார். பிறகு கோவையில் 1914-ல் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்று அந்தத் தெரு இன்றும் அதன் பெயரைச் சொல்கிறது. நீலகிரியில் பைக்காரா நீர் மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல்தான். அதற்கப்புறம் கோவையில் பஞ்சாலைகள் பெருகின, கவலை இறைத்த கிணறுகளில் பம்பு செட்டுகள் இறங்கின, 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள்.

ஆனாலும் கிராமத்து டூரிங் டாக்கீஸுகளுக்கு வெகு காலம்வரை ஆயில் எஞ்சினே கதி. மணலில் உட்கார்ந்து படம் பார்த்த உங்கள் பாட்டியைக் கேளுங்கள். அந்த எஞ்சின் எங்கே இருந்தது? கூடாரத்துக்குள்ளா? இல்லை! எட்டத்தில் தனியாக ஒரு கொட்டகையில் 'டப டப' என்று இரைந்துகொண்டிருந்தது. இரைச்சல் பாட்டைக் கெடுக்கக் கூடாது, புகை ஜனங்களின் மூக்கில் ஏறக் கூடாது என்ற ஏற்பாடு. இன்றைக்கும் சினிமாப் படப்பிடிப்பில் விளக்குகளுக்கான ஜெனரேட்டர் வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, நீளமான கேபிள் இழுத்துத்தான் மின்சாரம் எடுப்பார்கள்.

எட்ட வைத்திருந்த அந்த எஞ்சினை நாம் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், அந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லா ஜாக்கிரதையும் அடங்கியிருக்கிறது.

*புறப்படும் முன்னே*

கோவையில் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. மூட்டைகளை ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். "அது டிரைவர் பார்க்கிற வேலை" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இருக்கிறதா, திரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய குடும்பம் அல்லவா நம்முடையது?

முதலாவது, எஞ்சின் எண்ணெய். ஆறிய எஞ்சினில் அளவுக் கோலை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் நல்லது. குறைந்தாலும் கெடுதல், வழிய ஊற்றினாலும் கெடுதல். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கும். சாதாரணமாக 100 முதல் 150 மணிக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும். சரியான கணக்கு யந்திரத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

இரண்டாவது, பாட்டரி. அதன் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். கம்பிகளைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். துடைத்துக் காயவிட்டு இறுக்கினால் போதும். பெண்களுக்கு இதைச் சொல்லித் தரவும் வேண்டுமா?

மூன்றாவது, பெட்ரோல். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் டாங்கில் கிடந்தால் பெட்ரோல் கெட்டு, பிசுக்குப் படிந்து, கார்புரேட்டரின் மெல்லிய துவாரங்களை அடைத்துவிடும். ஆகையால், வண்டி கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

*அரிசியும் பருப்பும் ஒரு கணக்கு*

வண்டி பொள்ளாச்சி ரோட்டில் போகிறது. கிணத்துக்கடவு தாண்டியதும் இரு பக்கமும் தென்னை. மேற்கே மலைத் தொடர் நீலமாகக் கூடவே வருகிறது. பசிக்கிறது. ஒரு தோப்பு ஓரமாக நிறுத்திக் கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சாதம் வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் தயார்.

இங்கேதான் ஜெனரேட்டரின் பொறுமையைச் சோதிப்பவர்கள் அதிகம். உங்கள் யந்திரம் 3,000 வாட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஏ.சி.க்குச் சுமார் 1,600 வாட். மின்சாரக் குக்கருக்கு 700. ஐஸ் பெட்டிக்கு 150. ஆக 2,450. சௌகரியமாக ஓடும். "அப்படியே ரசத்தையும் வைத்துவிடலாம்" என்று 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பையும் போட்டீர்களானால், ஜெனரேட்டர் முனகும், இருமும். பிறகு பட்டென்று எல்லாம் நின்றுவிடும். அது யந்திரத்தின் பிழையல்ல. ஒரு மாட்டு வண்டியில் இரண்டு வண்டிப் பாரம் ஏற்றினால் மாடு படுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். ஏ.சி. புறப்படும் அந்த ஒரு கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை இழுக்கும். எனவே, ஜெனரேட்டரை வெறுமனே மூன்று நிமிஷம் ஓடவிடுங்கள். பிறகு ஏ.சி. அது நிதானத்துக்கு வந்த பிறகு குக்கர். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறாக: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூன்று நிமிஷம் வெறுமனே ஓடி ஆறிய பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். ஓடும்போதும், சூடாக இருக்கும்போதும் பெட்ரோல் ஊற்றவே கூடாது. எரிகிற ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது என்று அம்மா சொல்லவில்லையா? அதே சட்டம்தான்.

*பொள்ளாச்சிப் பட்டறையில்*

பொள்ளாச்சி சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். மாடு, வெல்லம், தேங்காய் எல்லாம் இங்கே பெரிய வியாபாரம். ஜி. டி. நாயுடு 1920-ல் தமது முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவேதான் ஓட்டினார். ஆகையால், எஞ்சின் சாஸ்திரம் இங்கே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பரிச்சயம்.

ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறதா? எந்தப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலும், அனுபவசாலியான மேஸ்திரி ஸ்பானரை உடனே தூக்க மாட்டார். வாயைத்தான் திறப்பார்:

"ஏனுங்கம்மா, வண்டி டாங்கில எண்ணெய் எவ்வளவு இருக்குதுங்க?"

"முள் கால் பங்கில் நிற்கிறது. வண்டி ஓடுகிறதே!"

"வண்டி ஓடுமுங்க, ஜெனரேட்டர் ஓடாதுங்க."

இது மாயமல்ல. பல வண்டிகளில் எஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே டாங்க். ஜெனரேட்டர் உறிஞ்சும் குழாயை வேண்டுமென்றே அடிவரை விடாமல் உயரத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். இரவெல்லாம் ஏ.சி. ஓட்டிவிட்டுக் காலையில் ஊர் திரும்ப எண்ணெய் இல்லாமல் தவிக்கக் கூடாதே என்ற முன்யோசனை. எண்ணெய் போட்டால் தீர்ந்தது.

அடுத்த கேள்வி காற்றைப் பற்றியது. பொள்ளாச்சி வட்டாரத்தில் தேங்காய் நார் ஆலைகள் ஏராளம். நார்த் தூசி காற்று வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். மூச்சு முட்டிய எஞ்சின் கரும்புகை விடும், பலம் குறையும். காகித வடிகட்டியானால் மெல்லத் தட்டலாம்; மிகவும் அடைத்திருந்தால் புதிதாக மாற்ற வேண்டும். தண்ணீரில் அலசக் கூடாது. மூன்றாவதாக, பெட்ரோல் எஞ்சினில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் காற்றுக் குறைவு, அல்லது எண்ணெய் மிகுதி. டீசல் எஞ்சினானால், டாங்க் ஒரு முறை வறண்டபோது குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றினால்தான் கிளம்பும்.

எஞ்சின் ஜோராக ஓடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால்? பதற வேண்டாம். வீட்டில் டிரிப் ஆகிற சுவிட்ச் போல ஜெனரேட்டரிலும் ஒன்று உண்டு. எல்லாச் சாமான்களையும் அணைத்துவிட்டு அதை மேலே தள்ளிப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் கைவைக்காதீர்கள். கம்பிச் சுருள் விவகாரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். எண்ணெய், காற்று, பொறி, பாரம் என்ற நாலையும் பார்ப்பது நம்மால் முடியும். அதற்கு மேல் எலெக்ட்ரீஷியன் பாடு.

*ஆழியாற்று மேட்டில்*

ஆழியாறு அணையின் தண்ணீரில் மலை நிழல் விழும் அழகை என்னவென்று சொல்ல! அணையைத் தாண்டினால் வால்பாறை ரோடு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். நாமோ எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவோம்.

மலைச் சரிவில் வண்டியை நிறுத்தி ஜெனரேட்டரைப் போட்டால், ஓடி இரண்டு நிமிஷத்தில் தானாக நின்றுவிடலாம். எண்ணெய் அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால், வண்டி சாய்ந்திருப்பதால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, 'எண்ணெய் இல்லை' என்று உள்ளேயுள்ள காவல் கருவி நினைத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிடுகிறது. வண்டியைச் சமதரைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். உயரத்தில் காற்றும் லேசு. ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவிகிதம் எஞ்சினின் பலம் குறையும். சுமார் 3,500 அடி உயரமுள்ள வால்பாறையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்குத் தகுந்தாற்போல் பாரத்தைக் குறையுங்கள். அந்தக் குளிரில் ஏ.சி.தான் எதற்கு?

அன்றியும், இது யானையும் புலியும் நடமாடும் ஆனைமலைக் காடு. வழியில் நிறுத்துவதும், எஞ்சினை இரைய விடுவதும் கூடாது. சூடான புகைக் குழாய்க்கு அடியில் காய்ந்த புல்லோ சருகோ இருந்தால் தீப் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

*உடுமலைக் காற்றை நம்பலாமா?*

உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்தால் வானத்தை நோக்கிக் கை விரித்த காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுழல்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் என்ற பெரிய வாசல் வழியாக, ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்று சீறிக்கொண்டு வரும். நல்ல குளிர்ச்சி. "கிழக்குப் பக்கம் புகைக் குழாய் இருக்கும்படி நிறுத்தினால் புகை தானே போய்விடும்" என்று சொல்வார்கள். பகலில் அப்படி நிறுத்துவது புத்திசாலித்தனமே. ஆனால், ராத்திரி காற்று விழுந்துவிடலாம், திசை மாறலாம். மதில் ஓரத்திலோ இன்னொரு வண்டிக்குப் பக்கத்திலோ நிறுத்தியிருந்தால் புகை சுழன்று நம்மிடமே திரும்பலாம்.

2024 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். கணவாய்க்கு அப்பால், கேரளத்தில் வடகரை அருகே, சாலையோரமாக ஒரு கேரவன் நின்றிருந்தது. உள்ளே ஓய்வெடுத்த இரண்டு பேர் உயிரோடு எழுந்திருக்கவில்லை. அடிபட்ட காயம் இல்லை, திருட்டு இல்லை. ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று நிபுணர்களின் சோதனையில் தெரிந்தது.

கார்பன் மோனாக்ஸைடு என்பது நிறமில்லாத, மணமில்லாத வாயு. கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றுதலோடு இது உட்கார்ந்துகொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், வாந்தி வரும்போல் இருக்கும். "நாற்பது வளைவு ஏறி இறங்கிய களைப்பு" என்று நினைத்து, "கொஞ்சம் படுத்துக்கோ, கண்ணு" என்று குழந்தையைப் படுக்க வைப்போம். அந்தப் படுக்கைதான் ஆபத்து.

ஆகையால், இதுவரை சொன்னவற்றை மறந்தாலும் சரி, இதை மறக்க வேண்டாம். ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் தூங்கக் கூடாது. படுக்கப் போகுமுன் நிறுத்திவிடுங்கள். இரவுக்கு மின்விசிறியும் சின்ன விளக்கும் பாட்டரியில் ஓடும். கொங்கு நாட்டு இரவுக் காற்றுக்கு அதுவே தாராளம். இரவிலும் ஏ.சி. வேண்டுமென்றால், மின்சார இணைப்புக் கொடுக்கும் விடுதியில் தங்குங்கள். அங்கேயும் வெளி மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே சமயத்தில் சேராதபடி மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை பேசும்போதே இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். "கார்பன் மோனாக்ஸைடு மணி இருக்கிறதா?" என்பது முதல் கேள்வி. படுக்கை அருகே சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி அது; அதன் பொத்தானை அமுக்கினால் கூவ வேண்டும். கூவாவிட்டால் வேறு வண்டி பாருங்கள். இரண்டாவது, புகைக் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். இணைப்புகளில் கரித் தடம் இருந்தால் ஒழுக்கு. தரைப் பலகையில் கம்பி போகும் துவாரங்கள் அடைபட்டிருக்க வேண்டும். பயணத்தின் நடுவே மணி கூவினாலோ, எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தாலோ, ஆராய்ச்சி வேண்டாம். முதலில் எல்லாரும் வெளியே. பிறகு ஜெனரேட்டரை நிறுத்தி, 108-க்குப் போன் செய்யுங்கள்.

*ஊர் திரும்பிய பின்*

சொந்தமாகவே கேரவன் வைத்திருக்கும் பாக்கியசாலியா நீங்கள்? ஊர் வந்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை, திறந்த வெளியில், பாதிப் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டுங்கள். பெட்ரோல் பிசுக்காகாது, ஈரம் உலரும், மின்சாரச் சுருளும் தன் காந்த சக்தியை மறக்காது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் மீட்டர் எண்ணும் குறித்து வையுங்கள். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கம் போதும்.

ஜெனரேட்டர் ஓடாமல் போனால் என்ன நஷ்டம்? ஒரு வேளை வேர்க்கும். ஐஸ் பெட்டியில் தயிர் புளிக்கும். கொங்கு நாட்டில் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கேட்டால், "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலை வேப்பமர நிழலில் போட்டு, மோர் கொடுத்து உபசரிப்பார்கள். ஓடாத எஞ்சினால் ஒருவரும் செத்ததில்லை. ஓடுகிற எஞ்சின் எங்கே மூச்சு விடுகிறது என்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துவிட்டீர்களா? அப்படியானால் வண்டியில் ஏறுங்கள். பழனிக்குப் போகிற வழியில் இன்னும் எத்தனையோ ஊர் இருக்கிறது!